அம்மாவுக்கு எந்த போன் வாங்கலாம், டீச்சர்?



தீபாவளிக்குத் தறிப்பட்டறைகளில் போனஸ் பட்டுவாடா ஆனதும் நம்ம குமாரபாளையத்தில் துணிக்கடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது செல்போன் கடைகளில்தான். அதே சமயத்தில் எனக்கும் போன் வர ஆரம்பித்துவிடும். பெங்களூரில் இருந்து ஒருத்தன், துபாயில் இருந்து ஒருத்தன், திருப்பூரில் இருந்து ஒருத்தி. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "டீச்சர், அம்மாவுக்கு எந்த போன் வாங்கலாம்?" "அத்தை, அப்பாவுக்கு லேப்டாப் வாங்கலாமா, டேப் வாங்கலாமா?"

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் உள்ள பெரியவர்களுக்குப் போன் பழக்கிவிடுவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. அதில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த விதி இது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, எளிதிலிருந்து கடினத்துக்குப் போ. பெரியவர்களுக்குப் போன் வாங்கும்போது நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். எத்தனை கேமரா, எத்தனை ஜிபி என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். அம்மாவிடம் ஒன்றும் கேட்பதில்லை.

என் பெரியக்காவின் கதையைச் சொல்கிறேன். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாமா காலமான பிறகு ஆற்றோரத் தெருவில் தனியாக இருக்கிறார். பத்து வருஷமாக ஒரு பட்டன் போன் வைத்திருந்தார். பையன் பெங்களூரில் இருந்து ஆசையாகப் பெரிய விலையில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி வந்து, பழைய போனை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "சித்தி, அம்மா ஏன் போனை எடுக்கறதே இல்ல? எம்மேல ஏதாச்சும் கோபமா?" என்று கேட்டான். ஒரு நாள் ராத்திரி 11 மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அக்கா வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறான். அந்த அளவுக்குப் பயந்துபோயிருக்கிறான்.

நேரில் போய்க் கேட்டேன். அக்கா சொன்னார்: "அடிச்சுது கண்ணு. பச்சை வட்டத்தை அமுக்குனேன். அமுக்கீட்டே இருந்தேன். அது எடுக்கவே மாட்டீங்குது. நானும் எத்தனை நேரந்தான் அமுக்கறது?"

விஷயம் புரிந்ததா? பட்டன் போனில் பச்சையை அமுக்கினால் போதும். இந்த போனில் பச்சையைத் தொட்டு மேலே இழுக்க வேண்டும். நமக்கு அது ஒரு வித்தியாசமே இல்லை. பத்து வருஷம் அமுக்கிப் பழகிய கைக்கு அது பெரிய மாற்றம். பையன் கோபமா என்று தவித்தான். அம்மா தனக்குத்தான் அறிவில்லை என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. நடுவில் இருந்தது ஒரு விரல்கடை தூரம்தான்.

ஆகவே என் முதல் ஆலோசனை: கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, அவர்கள் தினமும் செய்ய விரும்பும் நான்கு வேலைகளை எழுதுங்கள். நீங்கள் செய்ய விரும்புவதை எழுதக்கூடாது, அவர்கள் வாயால் சொன்னதை எழுத வேண்டும். அக்கா சொன்ன நான்கு இவை: பையன் கூப்பிட்டால் எடுக்கணும். மூன்று பேரைத் தானாகக் கூப்பிடணும். பேத்தி முகத்தைப் பார்க்கணும். காலையில் பக்திப் பாட்டு கேட்கணும். இதில் பாங்க் இல்லை, பேஸ்புக் இல்லை, ஆர்டர் போடுவது இல்லை.

நான்கு வேலைக்கு ஒரே கருவிதான் வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு மறுபடி ஒரு பட்டன் போன் வாங்கினோம். 2-ஐ அழுத்திப் பிடித்தால் பையன், 3-ஐ அழுத்திப் பிடித்தால் நான், 4 பக்கத்து வீடு. பையன் வாங்கிய பெரிய போனை டிவி பக்கத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்தோம். அது முகம் பார்ப்பதற்கும் பாட்டுக்கும் மட்டும். இழுக்காமல் ஒரே தட்டில் அழைப்பை எடுக்கும் வசதி சில போன்களின் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அக்கா போனில் அது இருந்தது, போட்டுவிட்டேன். பையனுக்கு முதலில் வருத்தம். "இத்தனை ஆயிரம் போட்டு வாங்கினது சித்தி, ஸ்டாண்டுல நிக்கறதுக்கா?" என்றான். இப்போது தினம் ராத்திரி 8 மணிக்குப் பேத்தியும் பாட்டியும் அந்தத் தாங்கி முன்னால்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பட்டன் போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. சிம் எந்த நிறுவனம் என்று முதலில் பார்த்துவிட்டு, 4ஜி என்று பெட்டியில் போட்டிருக்கிற பட்டன் போனாகக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும். ஆனால் வீட்டுக்கு வந்து முழிக்க வேண்டியதில்லை.

இந்தச் சிக்கல் நம்ம ஊருக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் முதியவர்களுக்கென்றே 'ராகு ராகு' என்று ஒரு போன் வரிசை 1999-லேயே தொடங்கியது. என்டிடி டொகோமோ நிறுவனம் வெளியிட்டது. அந்த மொழியில் அதற்குச் 'சுலபம், சுலபம்' என்ற மாதிரி அர்த்தம். பெரிய எழுத்து, மிக நெருங்கியவர்களைக் கூப்பிட 1, 2, 3 என்று தனிப் பொத்தான்கள். அமெரிக்காவில் 2006-ல் 'ஜிட்டர்பக்' என்ற போனைக் கொண்டுவந்தவர் ஆர்லீன் ஹாரிஸ் என்ற அம்மையார். அவருடைய கணவர் மார்ட்டின் கூப்பர்தான் 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி உலகில் முதன்முதலாகக் கைப்பேசியில் பேசியவர். கைப்பேசியைக் கொடுத்த குடும்பமே, பெரியவர்களுக்கு அது கஷ்டமாகிவிட்டது என்று உணர்ந்து வேறொன்று செய்திருக்கிறது பாருங்கள். அந்த போனைத் திறந்தால் பழைய வீட்டு டெலிபோனில் கேட்குமே, 'ங்ங்...' என்ற சத்தம், அது கேட்கும். செல்போனுக்கு அந்தச் சத்தம் தேவையே இல்லை. ஆனால் அது கேட்டால்தான் "லைன் இருக்கிறது" என்று பெரியவர்களுக்கு நம்பிக்கை வரும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு! எங்கள் பயிற்சிப் பள்ளிப் பாடம்தான்.

நம் நாட்டிலும் முயன்றிருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை உருவாக்கி 2001-ல் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்திய மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், ஒரே கருவியை ஊரில் பலபேர் ஆளுக்கொரு அட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்பது எண்ணம். எவ்வளவு நல்ல எண்ணம்! 2004-ல் கடைக்கும் வந்தது. ஆனால் பரவலாகப் போய்ச் சேரவில்லை. பிறகு 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் 'ஆகாஷ்' டேப்லட் வந்தது. அரசு அதை வாங்கிய விலை 2,276 ரூபாய். நாடே பேசியது. தொட்டால் நகர மறுக்கிறது, சார்ஜ் நிற்பதில்லை என்ற புகார்களும் கூடவே வந்தன.

ஆகாஷில் இருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று. பழக்கம் இல்லாதவருக்குத்தான் மெதுவான கருவியை வாங்கிக் கொடுக்கக்கூடாது. நமக்குப் பழகிவிட்டது, தட்டிவிட்டு இரண்டு நொடி காத்திருப்போம். புதியவர் அப்படியில்லை. தட்டியதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தான் தட்டியது தப்பு என்று நினைத்து இன்னொரு இடத்தில் தட்டுவார். அப்புறம் இரண்டும் சேர்ந்து திறக்கும், மூன்றாவதாக விளம்பரம் ஒன்று திறக்கும். "நான் தொட்டாலே கெட்டுப்போகுது" என்று ஓரமாக வைத்துவிடுவார். "அம்மாவுக்குத்தானே, என் பழைய போனைக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த பழைய போன் உங்களுக்கே மெதுவாகிவிட்டதால்தானே மாற்றுகிறீர்கள்?

இப்போது எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம். ஒரு பட்டறையில் தார் சுற்றுகிற வேலை. சின்ன வயதில் இருந்து நூலோடு நூலாக இருந்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை விரல் வைத்தால் ஒரு தடவை ஏற்கும். 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதே, மாதம் 1,000 ரூபாய், அது இவருக்கும் வருகிறது. வந்தால் போனில் இங்கிலீஷில் ஒரு செய்தி வரும். அதை இவரால் படிக்க முடியாது. ஒரு கடைக்குப் போய், போனையும் கொடுத்து, கார்டையும் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லி, "பணம் வந்துதுங்களா, எவ்வளவு இருக்குதுங்க?" என்று கேட்பார். எந்தக் கடை என்பதும் வேண்டாம்.

ஒரு சமயம் கணக்கில் 2,000 ரூபாய் குறைந்திருந்தது. கேட்டதற்கு "பாங்க்ல பிடிச்சிருப்பாங்க" என்று பதில். உண்மையில் என்ன நடந்தது என்று இவருக்கு நிரூபிக்க வழியில்லை, விட்டுவிட்டார். என்னிடம் சொன்னது இதுதான்: "காசு போனாக்கூட போகட்டுமுங்க டீச்சர். எங்காசு எவ்வளவு இருக்குதுன்னு நான் அடுத்தவங்க வாயில கேட்டுத் தெரிஞ்சுக்கோணுமாட்ட இருக்குது பாருங்க, அதுதானுங்க நெஞ்சுக்குள்ள உறுத்துது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருஷம் உழைத்த மனுஷி. தன் பணம் எவ்வளவு என்பது தனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதற்கு எத்தனை கேமரா உள்ள போன் வேண்டும்?

நாங்கள் செய்தது இதுதான். முதலில் பாங்குக்குக் கூட்டிப் போய் ரகசிய எண்ணை மாற்றினோம். நான் தள்ளி நின்றுகொண்டேன், எனக்கும் அது தெரியக்கூடாது. பாஸ்புக்கில் பட்டைக்குறி ஒட்டி வாங்கினோம், மெஷினில் வைத்தால் அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடும். பிறகு அந்தச் செய்தி. இந்த அம்மாவுக்கு எழுத்துதான் வராது, எண் நன்றாக வரும். நூல் எடையெல்லாம் எண்தானே! வந்த பணம் எந்த இடத்தில் இருக்கும், மீதி எந்த இடத்தில் இருக்கும் என்று பழைய செய்திகளை எடுத்து நோட்டில் பெரிதாக எழுதிக் காட்டினேன். மூன்றாவது மாதம் அவரே பார்த்துச் சொன்னார். சில வங்கிகளில் தமிழிலேயே செய்தி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் அம்மாவின் வங்கியில் அந்த வசதி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இதுவரைக்கும் பட்டன் போனே போதுமானதாக இருந்தது. பிறகு ஒரு நாள் அவரே வந்தார். "எம் பொண்ணு திருப்பூர்ல இருக்கறா, அவகிட்ட மூஞ்சி பாத்துப் பேசோணும். நானும் ஒரு பெரிய போன் வாங்கிக்கட்டுங்களா?" என்றார். தாராளமாக வாங்குங்கள் என்றேன். எளிய கருவி என்றால் குறைந்த விலைக் கருவி என்றோ, ஏழைக்கு இது போதும் என்று நாம் ஒதுக்கிக் கொடுப்பது என்றோ அர்த்தமில்லை. ஒரு வேலையைச் செய்ய எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அது குறையக் குறைய எளிது.

எழுதத் தெரியாதவர் எப்படிச் செய்தி அனுப்புவார் என்று கேட்பீர்கள். கூகுள் குரல் தட்டச்சில் 2017 ஆகஸ்டில் தமிழும் சேர்ந்தது. மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக விழும். வாட்ஸ்அப்பில் குரலையே அனுப்பலாம். முதல் தடவை பேசியது எழுத்தாக வந்ததும் அந்த அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்க டீச்சர், நான் சொன்னதை எழுதிப்போட்டுது!" என்றார். ஒன்றாம் வகுப்பில் முதல் முதலாகத் தன் பேரைத் தானே எழுதிய பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து, என் மாணவன் ஒருவனின் அப்பா. எட்டுத் தறி ஓட்டுகிறார். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு பில் போட கம்ப்யூட்டர் வேண்டியதாகிவிட்டது. பையன் சென்னையில் இருந்து மெல்லிசான ஒரு லேப்டாப் வாங்கித் தர நினைத்தான். நான் அவன் அப்பாவின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். நோட்டு முழுக்க எண்கள்தான். மீட்டர், பீஸ், நூல் எடை, கூலி. எழுத்து என்று பார்த்தால் பார்ட்டி பேர் மட்டும். எண் அடிக்கிறவருக்கு வலது பக்கம் கால்குலேட்டர் மாதிரி எண் பொத்தான்கள் தனியாக இருக்கிற கீபோர்டு வேண்டும். மெல்லிசான லேப்டாப்கள் பலவற்றில் அது இருக்காது. கண்ணாடி போட்டவருக்குப் பெரிய திரை வேண்டும். பட்டறையில் பஞ்சு பறக்கும், ஆகவே மேசையில் மூடி வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாதாரண டெஸ்க்டாப், பெரிய திரை, எண் பொத்தான் கீபோர்டு, ஒரு பிரிண்டர் வாங்கினார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்வது ஆடிட்டர் வேலை. இவர் பில் போடுவதோடு சரி.

கம்ப்யூட்டர் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகக் கொடுத்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டரை யாராவது மலிவாகக் கொடுத்தால் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்டு வாங்குங்கள். தமிழில் அடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 'தமிழ் 99' விசைப்பலகை நல்லது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற முறை. இடது கைப்பக்கம் உயிரெழுத்து, வலது பக்கம் பெரும்பாலும் மெய். இங்கிலீஷே தெரியாதவர்கூட அ, ஆ தெரிந்தால் அடித்துவிடலாம். அம்மா என்று எழுத இங்கிலீஷ் எழுத்தைத் தேட வேண்டியதில்லை.

டேப்லட் யாருக்கு? என் அனுபவத்தில், கண் பார்வை குறைந்தவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும். எழுத்தும் படமும் பெரிதாக இருப்பதால் தவறிப் பக்கத்தில் தட்டுவது குறைகிறது. ஆனால் கனம் உண்டு. படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது. தாங்கி இல்லாமல் டேப்லட் வாங்காதீர்கள்.

கடையில் நான் பார்க்கிற விஷயங்களைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. யாருக்கு வாங்குகிறோமோ அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். அவர் கையில் கொடுத்து, நீங்கள் தள்ளி நின்று கூப்பிடுங்கள். அவரே எடுத்துப் பேசட்டும். எடுக்க முடிந்தால் பாதி பரீட்சை பாஸ்.

2. சத்தம். முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தம். கடைக்குள் கேட்கும், தறி ஓடுகிற தெருவில் கேட்காது. கடைக்கு வெளியே நின்று சோதியுங்கள். அழைப்பு வந்தால் கேமரா விளக்கு மின்னும்படி வைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

3. சார்ஜர் முனை. எந்தப் பக்கம் சொருகினாலும் ஏறுகிற டைப்-சி முனை வேண்டும். பழைய மாதிரி முனையில் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் பார்த்துச் சொருக வேண்டும். கை நடுங்குகிறவர்கள் மாற்றிச் சொருகி உடைத்துவிடுவார்கள்.

4. பூட்டு. தேய்ந்த ரேகைக்காரர்களுக்கு விரல் பூட்டை நம்பாதீர்கள். அவர்களுக்கு மறக்காத நான்கு எண்ணை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பிறந்த வருஷம் மட்டும் வேண்டாம், அது ஊருக்கே தெரியும்.

5. திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் எப்போதும் தெரியும்படி வையுங்கள். ஓரத்தில் இருந்து இழுக்கிற முறை புதியவர்களைக் குழப்பும். "எங்க போயிட்டாலும் நடுவுல இருக்கிறதைத் தொட்டா வீட்டுக்கு வந்துரலாம்" என்று சொல்லிக் கொடுத்தால் பாதி பயம் போய்விடும்.

6. பல போன்களில் எளிய திரை என்ற வகை இருக்கிறது. ஐபோனிலும் 2023-ல் அப்படி ஒன்று கொடுத்தார்கள். பெரிய படங்கள், அதுவும் நான்கைந்துதான் திரையில் இருக்கும். அதைப் போட்டுக் கொடுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று அவரையே கேளுங்கள். சிலருக்குத் தமிழ் சுலபம். சிலர் 'செட்டிங்ஸ்' என்றால் புரிந்துகொள்வார்கள், 'அமைப்புகள்' என்றால் முழிப்பார்கள்.

7. ஆபத்துக்கு உதவுகிறவர் பக்கத்தில் யார் என்று பாருங்கள். துபாயில் இருக்கும் நீங்கள் அல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணோ, மேல்மாடி மருமகளோ. அவர் வைத்திருக்கிற அதே கம்பெனி போனை வாங்குங்கள். சந்தேகம் வந்தால் அவர் தன் போனை வைத்தே காட்டிவிடுவார்.

பணம் பற்றி. போனில் பணம் அனுப்பாதே என்று பெரியவர்களை மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பயமுறுத்தினால் மறுபடி கடைக்காரரிடம் ரகசிய எண்ணைச் சொல்லத்தான் போவார்கள். பென்ஷன் வரும் கணக்கைத் தனியாக வைத்துவிட்டு, இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் இருக்கிற இன்னொரு கணக்கைப் போனோடு இணையுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் பணம் அனுப்ப 2022 மார்ச் 8-ல் ரிசர்வ் வங்கி 'யுபிஐ 123பே' என்ற முறையைத் தொடங்கி வைத்தது. பட்டன் போனில் கூப்பிட்டுக் குரல் வழியாகவே அனுப்பலாம். 2024-ல் 'யுபிஐ சர்க்கிள்' வந்தது. நீங்கள் உங்கள் கணக்கில் இருந்து அம்மாவுக்கு ஓர் எல்லை வைத்துக் கொடுக்கலாம். அந்த எல்லைக்குள் அம்மா தன் போனில் இருந்தே கொடுத்துக்கொள்வார். மாதம் அதிகபட்சம் 15,000, ஒரு தடவைக்கு 5,000.

நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய வாக்கியங்கள் மூன்று. பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. போனில் வரும் ஓடிபி எண்ணை மகன் கேட்டாலும் சொல்ல வேண்டாம். போலீஸ் என்று வீடியோவில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் கட் செய்துவிட வேண்டும், அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. மீறிப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்த 1930-ஐப் போனுக்குப் பின்னாலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக, சொல்லிக் கொடுக்கும் முறை. இதில்தான் நம் பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள். "இங்க கொடும்மா, நான் பண்றேன்" என்று போனைக் கையில் இருந்து வாங்கி, சடசடவென்று பத்து இடத்தில் தட்டி, "அவ்ளோதான், பாத்துக்கிட்டியா?" என்கிறீர்கள். நான் உங்களுக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தபோது பலப்பத்தைப் பிடுங்கி நானே எழுதிக் காட்டிவிட்டுப் போய்விட்டேனா? உங்கள் கையைப் பிடித்து எழுதினேன், அப்புறம் பிடியைத் தளர்த்தினேன், அப்புறம் விட்டேன். கோணலாக வந்தாலும் அது நீங்கள் எழுதியது.

ஒரு நாளைக்கு ஒரு வேலை. 40 பக்க நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. படம் வரைந்து, 1, 2, 3 என்று எண் போட்டு, அவர்கள் பேசுகிற வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் மட்டும் போதும். மூன்று நாள் அதே வேலை. நாலாவது நாள் அடுத்தது. ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ராத்திரி பஸ் ஏறாதீர்கள்.

"எத்தனை தடவை சொல்றது?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு எத்தனை தடவை சொன்னோம் என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் மாட்டுப் பொங்கல் அன்று ஒரு மத்தியானத்தை இதற்காக ஒதுக்குங்கள். வாங்கிய போனைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாலும் சரி. திண்ணையில் பாய் போட்டு வைக்கிறேன். நோட்டும் பேனாவும் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். முன்கூட்டி ஒரு போன் செய்துவிட்டு வந்தால் முறுக்கு சுட்டு வைக்க வசதியாக இருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.

உங்கள் டீச்சர்,
குமாரபாளையம்